புயல் எச்சரிக்கையும் நமது கடமையும்

புயல் வருமென்று வானிலைத் துறையார் அறிவித்து, அது வலுவிழந்து போய்விட்டால் அவர்களை எள்ளி நகையாடுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. இவ்வழக்கம் நமக்கே கேடு விளைப்பதாகும் என்பது நமது கருத்து.

2016-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள், "நடா" என்ற புயல் வலுக்குன்றித் தாழ்வு மண்டலமாகக் காரைக்கால் அருகே கரை கடந்தது. "இதற்குத்தானா இவ்வளவு ஆரவாரம்?" என்றோர் உண்டு. பத்தே நாட்களில், டிசம்பர் 12-இல், "வர்தா" சென்னையைத் தாக்கி ஆயிரக்கணக்கான மரங்களை வீழ்த்தியது. ஒரு புயலைக் கொண்டு மறு புயலை அளப்பது பேதைமை.

அறிஞர் செய்வது குறி சொல்வதன்று, கணக்கிடுவது. கடலின் மேற்பரப்பு ஏறத்தாழ 26.5 டிகிரி செல்சியசுக்கு மேல் வெப்பமுற்று, உயரத்திலும் தாழ்விலும் வீசும் காற்றுகளிடையே பெரும் வேற்றுமை இல்லாதிருப்பின் புயல் வளர இடமுண்டு. செயற்கைக் கோள்கள் மேகச் சுழற்சியைக் காட்டுகின்றன. கடல் மிதவைகள் காற்றழுத்தத்தையும் நீரின் வெப்பத்தையும் அளந்தனுப்புகின்றன. புயல் கரையை நெருங்கியதும் சென்னை, காரைக்கால் முதலிய இடங்களிலுள்ள ரேடார்கள் அதனைக் கண்காணிக்கின்றன. இவ்வளவுகளைக் கணிப்பொறியிலிட்டு, தொடக்க அளவுகளைச் சிறிது சிறிது மாற்றிப் பன்முறை கணக்கிடுகின்றனர். விடைகள் ஒரே வழியைக் காட்டினால் உறுதி மிகும். பிரிந்து நின்றால் ஐயம் மிகும். வரைபடத்தில் புயலின் பாதை விசிறிபோல் விரிவது முன்கணிப்பிலுள்ள ஐயத்தைக் காட்டுவதேயாம். நடுக்கோட்டில் நமது ஊர் இல்லையென்று மகிழ்வதற்கில்லை. பாதையினும் வலிமையைக் கணிப்பது கடினம் என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். காற்றின் வேகம் இரு மடங்கானால் அதன் தாக்குதல் நான்கு மடங்காகும்.

2018 நவம்பர் 16-இல் "கஜா" புயல் நாகைக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரை கடந்தபின், தணிக்கைக்காக ஒரு நெசவாளர் சங்கத்துக்குச் சென்றோம். கிடங்கின் தரையிலிருந்த நூற்கட்டுகள் யாவும் நனைந்து பாழாகிக் கிடந்தன. எச்சரிக்கையை அங்கு அனைவரும் கேட்டிருந்தனர். ஆனால் கிடங்கின் சாவி ஒருவரிடம் மட்டுமே இருந்தது. அவரோ அன்று வெளியூரில் இருந்தார். அங்கே தவறியது விஞ்ஞானமன்று, நமது நிர்வாகமே.

கரையோர மாவட்டங்களுக்குப் புயல் எச்சரிக்கை குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன்னும், மீண்டும் 24 மணி நேரத்துக்கு முன்னும் விடுக்கப்படுகிறது. முதல் அறிவிப்பிலேயே நூலும் விதை மூட்டைகளும் பரண் ஏற வேண்டும். பதிவேடுகள் மேடான இடம் சேர வேண்டும். குழித்தறியிலுள்ள பாவு சுருட்டப்பட வேண்டும். தென்னை வளர்ப்போர் முற்றிய காய்களையும் பழுத்த மட்டைகளையும் இறக்கிவிடுதல் நலம். எவர் எதனைச் செய்வது, மறு சாவி எவரிடம் இருப்பது என்பவற்றை ஐப்பசி பிறக்குமுன் நிர்வாகக் குழு தீர்மானமாக எழுதி வைத்தல் வேண்டும்.

புயல் வாராது போயின் நாம் இழப்பது ஒரு நாள் உழைப்பே. வந்துவிட்டாலோ, காக்கப்படுவது ஓராண்டு உழைப்பு. இக்கணக்கை உறுப்பினர் அனைவரும் சிந்தித்துச் செயற்பட வேண்டுகிறோம்.