பனிமூட்டமும் கறுப்புக் கையுறையும்

மர்மப் படம் என்றவுடன் முகஞ்சுளிக்கும் இலக்கிய அன்பர் நம்மிடையே பலர். அது பிறநாட்டுச் சரக்கு என்பது அவர்தம் முதற் குற்றச்சாட்டு. பிறநாட்டுச் சரக்குத்தான், அதனால் என்ன? ஒரு நாட்டார் மற்றொரு நாட்டாரிடம் கதை வாங்குவது இழுக்கன்று. வாங்கியதில் எதை வைத்துக்கொண்டனர், எதை எறிந்தனர் என்பதே கேட்கத்தக்க கேள்வி.

எட்கார் வாலஸ் என்னும் ஆங்கில எழுத்தாளர் 1932இல் மறைந்தார். அவருடைய நாவல்கள் 1959 முதல் 1972 வரை மேற்கு ஜேர்மனியில் ஒன்றன்பின் ஒன்றாகப் படமாயின. ஹரால்ட் ரைன்ல், அல்பிரட் ஃபோரர் ஆகியோர் அவற்றை இயக்கியவருள் முதன்மையானோர். முகமூடிக் கொலைஞன், பரம்பரைச் சொத்து, ஸ்கொட்லண்ட் யார்ட் துப்பறிவாளர், இடையிடையே ஒரு கோமாளி. இவற்றையெல்லாம் போர்த்தி நிற்கும் பனிமூட்டம். கதை நடப்பது இலண்டனில். படம் பிடித்ததோ பெரும்பாலும் பேர்லினிலும் ஹம்பர்க்கிலும். பனியும் பொறியின் உபயமே. 1931இல் ஃபிரிட்ஸ் லாங் 'எம்' என்ற படத்தை எடுத்தபோது, குழந்தைகளைக் கொல்லும் ஒருவனைத் தம் நாட்டு நகரொன்றின் வீதியிலேயே நடமாட விட்டார். போருக்குப் பின் வந்தவர்களோ குற்றத்தை அயலான் வீட்டில் வைத்துப் பார்ப்பதையே விரும்பினர். இஃது ஒருவகை ஒளிப்பு என்றே எனக்குத் தோன்றுகிறது.

இத்தாலியரிடம் வந்தபோது நிலைமை மாறிற்று. 1929 முதல் மொண்டடோரி பதிப்பகம் மஞ்சள் அட்டையிட்டு மர்ம நாவல்களை வெளியிட்டமையால், மஞ்சளைக் குறிக்கும் 'ஜல்லோ' என்ற சொல்லே அங்கு மர்மக் கதைக்குப் பெயராயிற்று. முதலில் வந்த நூல்களுள் வாலஸின் நாவலும் ஒன்று. ஆகவே அவர் இத்தாலியருக்குப் புதியவரல்லர். எனினும் திரைக்கு வழிகாட்டியவருள் ஜேர்மானியருக்குத் தனியிடம் உண்டு. மாரியோ பாவாவின் 'கொலைகாரனுக்கு ஆறு பெண்கள்' (1964) என்ற படத்தில் மேற்கு ஜேர்மனியின் முதலும் கலந்திருந்தது. டாரியோ அர்ஜென்டோவின் 'பளிங்குச் சிறகுப் பறவை' (1970) படத்திலும் அவ்வாறே. அதனை ஜேர்மனியில் வாலஸின் மகன் பிரையன் எட்கார் வாலஸின் பெயரை ஒட்டியே விற்றனர்! முகங்காட்டாக் கொலைஞனையும் கறுப்புக் கையுறையையும் இத்தாலியர் வைத்துக்கொண்டனர். பனியைக் களைந்தனர், கோமாளியை அனுப்பிவிட்டனர். உரோமாபுரியின் வெயிலும், ஆடை அலங்கார நிலையத்தின் செந்நிறமும் அவ்விடத்தைப் பிடித்தன. வன்முறையை, சிறப்பாகப் பெண்கள்மீதான வன்முறையை, அழகுப்பொருளாக்கிய பழியிலிருந்து அவர்கள் தப்பார். ஆயினும் அச்சத்தைத் தம் ஊருக்குக் கொண்டுவந்தனர் என்பதை மறுத்தல் இயலாது.

தமிழிலும் இதற்குச் சான்று உண்டு. எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' 1954இல் வெளிவந்தது. ஒரு கொலையைப் பலர் வாய்வழியே சொல்லும் முறைக்கு யப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவாவின் 'ரஷோமோன்' தூண்டுதலாயிற்று என்பர். ஆனால் களம் 1943ஆம் ஆண்டுச் சென்னை, கேள்வி தேசத்துரோகம். பாட்டில்லை, நடனமில்லை. அதனை அன்றைய பொதுமக்கள் பெரிதும் வரவேற்கவில்லை. பத்தாண்டு கழித்து அவரே எடுத்த 'பொம்மை'யில் பாட்டு மீண்டும் குடிபுகுந்தது.

நமுனுகுல மலைச்சாரலில் வாழும் நமக்குப் பொறி செய்த பனி வேண்டியதில்லை. உண்மைப் பனி நாள்தோறும் வருகிறது. அதனைக் கண்டு எவரும் அஞ்சுவதில்லை. கொழுந்து கொய்யும் கை விறைக்கும், அவ்வளவே. இங்கே அஞ்சப்பட்டவை வேறு: துரையின் பங்களாப் படி, கங்காணியின் கடன் கணக்கு, செக்ரோலில் விழும் ஒரு கோடு. 1940இல் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸ் துப்பாக்கிக்கு இரையானதும், அதுபற்றி ஆணைக்குழு விசாரித்ததும் ஏட்டில் உள்ள செய்தி. சாட்சிகளின் முரண்பட்ட வாய்மொழியிலிருந்து உண்மையைத் தேடும் கலைக்கு இதைவிடப் பொருள் வேண்டுமா?

பதுளையிலும் பசறையிலும் கதை எழுதும் மாணவரை நான் வேண்டுவது சிறிதே. சென்னைப் பங்களாவையும் இலண்டன் தெருவிளக்கையும் விட்டுவிடுங்கள். வாலஸிடமிருந்து முடிச்சை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். விடியற்காலைப் பிரட்டுக் களத்தில் பெயர்கள் கூப்பிடப்படுகின்றன. ஒரு பெயருக்கு மட்டும் பதில் வரவில்லை. கணக்கப்பிள்ளையோ அதனை எதிர்பார்த்தவர்போல அடுத்த பெயரைப் படிக்கிறார். அங்கிருந்து தொடங்கலாம்.