அரை மணி நேரக் காவல் போதுமா?

2021-ம் வருஷம் ஏப்ரல் 15-ந் தேதி, பிறருக்குத் தைரியம் பிறக்க வேண்டுமென்று, நடிகர் விவேக் சென்னை சர்க்கார் ஆஸ்பத்திரி ஒன்றில் கொரோனாத் தடுப்பூசி போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பால் மயங்கி வீழ்ந்தார். 17-ந் தேதி காலமானார். ஊசிக்கும் மரணத்துக்கும் சம்பந்தமில்லை என்ற தேசியக் குழுவின் முடிவு ஜனங்களுக்குத் தெரிந்ததோ அக்டோபரில். இடைப்பட்ட ஆறு மாதமும் வதந்தியே ராஜ்யம் செய்தது. முடிவை நாம் ஆக்ஷேபிக்கவில்லை, தாமதத்தை ஆக்ஷேபிக்கிறோம்.

நாம் தடுப்பூசிக்கு விரோதிகளல்லர். 2021 மே மாதக் கடைசியில் தினசரித் தொற்றில் கோவை சென்னையையும் மிஞ்சியபோது, ஊசிக்காக வரிசையில் காத்து நின்ற ஜனங்களை இந்நகரம் மறக்கவில்லை. 18 முதல் 45 வயது வரையுள்ளோரின் காரணமறியாத் திடீர் மரணங்களை 47 ஆஸ்பத்திரிகளின் வாயிலாக ஆராய்ந்து, ஊசி அவ்வபாயத்தை அதிகப்படுத்தவில்லை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2023-ல் வெளியிட்ட முடிவையும் நாம் அறிவோம்.

ஆயினும் அரிதான தீங்கும் தீங்கே. கோவிஷீல்டு ஊசிக்குப் பின், இரத்தம் உறைந்து நாளங்களை அடைப்பதும் தட்டணுக்கள் குறைவதும் ஒருங்கே நேரும் வியாதி மிகச் சிலருக்குக் கண்டது. மேல்நாடுகளில் வழங்கிய பைசர், மாடர்னா ஊசிகளுக்குப் பின் வாலிபர் சிலருக்கு இருதயத் தசையில் அழற்சி கண்டது. ஊசி போட்ட இடத்தில் அரை மணி நேரம் உட்காரவைப்பது உடனே தோன்றும் ஒவ்வாமையைக் கண்டுகொள்ளவே உதவும். இரத்த உறைவோ பல நாள் கழித்துத் தலைகாட்டும். அப்போது அந்த மனிதர் சோமனூரில் தறியடியிலோ, வால்பாறையில் தேயிலைத் தோட்டத்திலோ இருப்பார். அவரைப் பார்க்கும் வைத்தியர் ஊசியைப் பற்றி விசாரியாவிடில், இவ்வியாதியில் தவிர்க்கும்படி நிபுணர்கள் அன்று எச்சரித்த ஹெபாரின் மருந்தையே கொடுத்துவிடக்கூடும்.

2021 மே 17-ந் தேதி மத்திய சர்க்கார் வெளியிட்ட கணக்கைப் பார்ப்போம். ஏப்ரல் 3 வரை போட்ட ஊசிகள் 7½ கோடிக்கு மேல். 753 ஜில்லாக்களில் 684-லிருந்து வந்த புகார்கள் 23,000-க்கு மேல், கடுமையானவை 700, நுணுகி ஆராயப்பட்டவை 498, இரத்த உறைவாயிருக்கக்கூடுமென்று கருதப்பட்டவை 26. பத்து லட்சம் ஊசிக்கு 0.61 என்று சர்க்கார் கூறியது. பிரிட்டனில் அது 4 என்றும், ஜெர்மனியில் 10 என்றும் அவ்வறிக்கையே கூறியது. தெற்காசியருக்கு இவ்வியாதி இயல்பாகவே குறைவு என்று சமாதானமும் சொல்லப்பட்டது. இருக்கலாம். ஆனால் மிஞ்சிய 69 ஜில்லாக்களில் ஒருவருக்குக்கூட ஜுரம் காணவில்லையா? சாட்சிகளை அழையாமலே சாட்சியமில்லை என்று தீர்ப்புச் சொல்வதை எந்தக் கோர்ட்டும் ஒப்பாது.

கணக்கைப் பகிரங்கமாக்கினால் ஜனங்கள் ஊசிக்கு அஞ்சுவர் என்று சிலர் வாதிக்கலாம். பிரிட்டனில் 1964 முதல் ‘மஞ்சள் அட்டை’ என்னும் முறையில் மருந்துத் தீங்குகள் பதிவாகின்றன. அப்பதிவுகளை ஆராய்ந்தே, 2021 மே 7-ந் தேதி, 40 வயதுக்குட்பட்டோருக்கு வேறு ஊசி கொடுப்பது நலமென்று அந்நாட்டு நிபுணர்கள் யோசனை கூறினர். ஊசி இயக்கம் அதனால் நின்றுவிடவில்லை.

நமது சுப்ரீம் கோர்ட்டும் 2022 மே 2-ந் தேதி, எவரையும் பலவந்தமாக ஊசிக்கு உட்படுத்தலாகாது என்று தீர்ப்பளித்ததோடு, தீங்குகளைப் பொதுஜனங்களும் தனியார் வைத்தியர்களும் நேரே தெரிவிக்க வழி செய்யவேண்டுமென்றும், அந்தரங்கம் கெடாமல் விவரங்களை வெளியிடவேண்டுமென்றும் உத்தரவிட்டது.

கொரோனா அடங்கினும் ஊசிகள் ஓயவில்லை. சிசுக்களுக்கு வாரந்தோறும் போடப்படுகின்றன. நாளை புதிய நோய்க்குப் புதிய ஊசியும் வரும். எனவே நமது ஜில்லா அதிகாரிகளுக்கு மூன்று காரியங்களைக் கூறுவோம். ஊசி போட்டுக்கொண்ட ஒவ்வொருவர் கையிலும், எத்தனை நாள் வரை என்னென்ன குறிகளைக் கவனிப்பது என்பதைத் தெளிவான தமிழில் அச்சிட்டுக் கொடுக்கவேண்டும். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், கால்வீக்கம் ஆகியவற்றை 20 நாள் வரை கவனிக்கும்படி 2021-ல் மத்திய சர்க்கார் கூறிய யோசனை எத்தனை தறித்தொழிலாளருக்கு எட்டியிருக்கும்? அடுத்து, கோவையின் பெரிய தனியார் ஆஸ்பத்திரிகள் இக்குறிகளோடு வருவோரிடம் ஊசியைப் பற்றி விசாரித்து, சந்தேகமானவற்றை உடனுக்குடன் தெரிவிக்கவேண்டும். கடைசியாக, விசாரணை முடிவுகளைப் பெயரின்றி, காரணங்களோடு, காலதாமதமின்றி வெளியிடவேண்டும்.

ஊசிக்குக் கை நீட்டுபவர் தம் நலத்தோடு ஊரார் நலத்துக்காகவும் நீட்டுகிறார். அவருக்குத் தீங்கு நேர்ந்ததாவென்று கேட்டறிவது சர்க்கார் அவருக்குப் பட்ட கடன்.