‘அப்படியொரு மின்னஞ்சல் இல்லை’ என்ற பதில்

‘தாங்கள் குறிப்பிடும் மின்னஞ்சல் எமது பதிவுகளில் காணப்படவில்லை’ என்ற வாசகத்தை அரச அலுவலகங்களின் பதில் கடிதங்களில் நாம் இப்போது தாராளமாகக் காண்கிறோம். அந்த ஒரு வரியின் பின்னால் பெரும்பாலும் ஒரேயொரு செயல்தான் இருக்கிறது. அலுவலர் ஒருவர் தனது கணினியில் மின்னஞ்சல் மென்பொருளைத் திறந்து, மேலே உள்ள தேடல் பெட்டியில் ஒரு சொல்லைத் தட்டச்சு செய்கிறார். திரையில் எதுவும் தோன்றவில்லை. உடனே கடிதம் தயாராகிவிடுகிறது. பத்திரிகை அலுவலகங்களும் இதற்கு விதிவிலக்கல்ல. மறுப்பு அறிக்கை அனுப்பியதாக ஒரு வாசகர் முறையிட்டால் ஆசிரியபீடத்திலும் இதே சடங்குதான் நடைபெறுகிறது.

தேடியதில் கிடைக்கவில்லை என்பதை இல்லை என்று எழுதுவதற்கு எவருக்கும் உரிமை இருக்கக்கூடாது என்பதே எனது அபிப்பிராயம். இது வெறும் கணினி விவகாரம் அல்ல. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. ‘தகவல்’ என்பதற்கு அச்சட்டம் தருகின்ற வரைவிலக்கணத்தில் மின்னஞ்சல்களும் அடங்குகின்றன. சட்டம் நடைமுறைக்கு வந்தபோது இருந்த பதிவுகளை அன்றிலிருந்து குறைந்தது 10 வருடங்களுக்கும், அதன் பின்னர் உருவாகின்ற பதிவுகளை 12 வருடங்களுக்கும் பேணிப் பாதுகாக்கவேண்டும் என்று அது கூறுகிறது. ஆக, 2017 மே மாதத்தில் ஒரு கிராமத்துச் சங்கத்துக்கும் ஒரு திணைக்களத்துக்கும் இடையே நடந்த மின்னஞ்சல் தொடர்பு இன்றும் பாதுகாக்கப்பட்டிருக்கவேண்டிய ஆவணமாகும். அது உண்டா இல்லையா என்பதைத் தீர்மானிக்கும் பொறுப்பை நாம் ஒரு தேடல் பெட்டியிடம் ஒப்படைத்திருக்கிறோம்.

அந்தப் பெட்டி எவ்வாறு இயங்குகிறது என்பதைச் சற்று விரிவாகப் பார்க்கவேண்டும். நாம் ஒரு சொல்லைக் கொடுத்ததும் மென்பொருள் ஒவ்வொரு கடிதமாகத் திறந்து வாசிப்பதாகவே பலரும் நம்புகிறார்கள். உண்மை அதுவல்ல. கடிதங்களில் உள்ள சொற்களைக் கொண்டு முன்கூட்டியே தயாரிக்கப்பட்ட ஒரு சொல்லடைவை மாத்திரமே அது புரட்டுகிறது. புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் இருக்கின்ற சொல்லடைவைப் போன்றதே அதுவும். அடைவில் ஒரு சொல் இடம்பெறாமல் போனால், புத்தகத்தில் அது நூறு தடவை வந்திருந்தாலும் தேடுபவருக்குக் கிடைக்கப்போவதில்லை.

கணினியில் நிறுவப்படுகின்ற அவுட்லுக், வின்டோஸ் தயாரித்து வைத்திருக்கும் அடைவையே பெரிதும் நம்பியிருக்கிறது. தண்டர்பேர்ட் 2009 டிசம்பரில் வெளிவந்த அதன் மூன்றாவது பதிப்பிலிருந்து தனக்கென்று சொந்தமாக ஒரு அடைவை வைத்திருக்கிறது. கணினி புதியதாக இருந்தாலோ, மின்சாரம் திடீரென்று தடைப்பட்டிருந்தாலோ, அடைவுக் கோப்பு பழுதடைந்திருந்தாலோ அடைவு அரைகுறையாகவே இருக்கும். அவுட்லுக்கைப் பொறுத்தவரை, அடைவு முடிவடையாத வேளையில் தேடினால் முடிவுகள் முழுமையற்றவையாக இருக்கலாம் என்று ஒரு வரியில் எச்சரிக்கவும் செய்கிறது. மென்பொருளுக்கு இருக்கின்ற அந்தக் குறைந்தபட்ச நேர்மை திணைக்களத்தின் கடிதத் தலைப்புக்கு வந்து சேரும்போது காணாமல் போய்விடுகிறது என்பதே எனது குற்றச்சாட்டு.

அடைவு பழுதடைந்திருந்தால் அதைப் புதிதாக உருவாக்கச் செய்வது கடினமான காரியமல்ல. வின்டோஸின் கட்டுப்பாட்டுப் பலகத்தில் அடைவுக்கான பகுதிக்குச் சென்று மீளுருவாக்கக் கட்டளையைக் கொடுத்தால் போதும். தண்டர்பேர்ட்டில், மென்பொருளை மூடிவிட்டு, ‘குளோபல் மெசேஜஸ்’ என்று தொடங்கும் பெயருடைய தரவுக் கோப்பை அகற்றினால், மறுபடி திறக்கும்போது அது புதியதொரு அடைவைத் தயாரித்துக்கொள்ளும். கடிதங்களுக்கு எந்தச் சேதமும் ஏற்படாது. பெரிய அஞ்சற்பெட்டியாக இருந்தால் பல மணி நேரம் செல்லும். அதுவரை பொறுத்திருக்கவேண்டும், அவ்வளவே.

அடைவு செம்மையாக இருந்தும் கடிதம் அகப்படாமல் போவதற்கு வேறு காரணங்கள் உண்டு. அலுவலகச் சேவையகத்துடன் இணைந்த அவுட்லுக் பல சந்தர்ப்பங்களில் அண்மைய ஓராண்டுக்கான அஞ்சல்களை மாத்திரமே கணினியில் வைத்திருக்குமாறு அமைக்கப்பட்டிருக்கும். அதற்கு முந்தியவை சேவையகத்தில் பத்திரமாக இருக்கும். தண்டர்பேர்ட்டிலும் சில கணக்குகளில் தலைப்பும் அனுப்பியவர் பெயரும் மாத்திரமே இறங்கியிருக்கும். கடிதத்தின் உடல் கணினிக்கு வந்திருக்காது, வராத உடலில் உள்ள சொல் அடைவில் ஏறவும் மாட்டாது. தேடலின் எல்லை, அப்போது திறந்திருக்கும் கோப்புறையுடன் நின்றுவிடுவதும் உண்டு. இவற்றுக்கெல்லாம் மேலாக, எமது நாட்டில் அலுவலர்கள் இடமாற்றம் பெற்றுச் செல்லும்போது அவர்களது பழைய அஞ்சல் கோப்பு பழைய கணினியுடனேயே களஞ்சிய அறைக்குப் போய்விடுகிறது. அலுவலக முகவரிக்குப் பதிலாக இலவச மின்னஞ்சல் முகவரிகளில் அரச கருமம் ஆற்றுகின்ற வழக்கத்தைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம்.

தமிழில் கடிதம் எழுதுபவனுக்கு உள்ள பிரச்சினையோ இவை எல்லாவற்றிலும் பெரியது. எந்தவொரு வழிகாட்டிக் குறிப்பிலும் அது சொல்லப்படுவதை நான் காணவில்லை.

‘தேர்தல்’ என்று தேடுகிறீர்கள். கடிதத்தில் ‘தேர்தலில்’ என்றும் ‘தேர்தலை’ என்றும் இருக்கிறது. கணினியைப் பொறுத்தவரை ‘தேர்தல்’ என்ற சொல்லின் இறுதியில் ஒரு புள்ளி இருக்கிறது; ‘தேர்தலில்’ என்பதில் அந்த இடத்தில் புள்ளி இல்லை. எனவே இரண்டும் பொருந்துவதில்லை. இறுதிப் புள்ளியை நீக்கி ‘தேர்தல’ என்று தேடினால் இரண்டும் வந்து சேரும். அவ்வாறே ‘யாழ்ப்பாணம்’ என்று தேடாமல் ‘யாழ்ப்பாண’ என்று தேடினால் ‘யாழ்ப்பாணத்தில்’, ‘யாழ்ப்பாணத்துக்கு’ எல்லாம் அகப்படும். ‘கொழும்பு’ என்று தேடுபவர் ‘கொழும்பில்’ என்று எழுதிய கடிதத்தை இழந்துவிடுவார். வேற்றுமை உருபுகளைச் சொல்லோடு ஒட்டி எழுதுகின்ற மொழிக்கு, இவற்றைப் பெரும்பாலும் பிரித்து எழுதுகின்ற ஆங்கிலத்தை மனதிற்கொண்டு செய்யப்பட்ட பெட்டி எவ்வளவு தூரம் பொருந்தும்?

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ‘கொ’ என்ற எழுத்தின் உயிர்க்குறியை யுனிகோட்டில் ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம். கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே. இவ்விரண்டையும் சமமாகக் கருதுமாறு எழுதப்படாத மென்பொருளுக்கு அவை வெவ்வேறானவை. போதாக்குறைக்கு, காலுக்குப் பதிலாக ‘ர’ என்ற எழுத்தைத் தட்டச்சு செய்பவர்களும் எம்மத்தியில் இருக்கிறார்கள்.

பாமினி எழுத்துருவின் காலத்துக் கடிதங்களின் கதி இதைவிட மோசமானது. வின்டோஸ் 2000 இலேயே தமிழ் யுனிகோட்டுக்கு இடம் கிடைத்திருந்தபோதிலும், இலங்கையின் பத்திரிகைக் காரியாலயங்களும் அச்சகங்களும் அரச அலுவலகங்களும் அதன் பிறகும் நீண்டகாலம் பாமினியிலேயே எழுதிக்கொண்டிருந்தன. அந்த வழக்கம் இன்றும் முற்றாக ஒழிந்துவிடவில்லை. பாமினியில் ‘அம்மா’ என்று எழுதினால் கணினியில் பதிவாவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கில விசைகளின் வரிசையேயாகும். அதைத் தமிழாகக் காட்டுவது எழுத்துருவின் வேலை. யுனிகோட்டில் ‘அம்மா’ என்று எத்தனை தடவை தேடினாலும் அந்தக் கடிதம் வரப்போவதில்லை. போர்க்காலத்தில் எழுதப்பட்ட எத்தனையோ முறைப்பாடுகளும் காணாமல்போனோர் பற்றிய விபரங்களும் இந்த வடிவத்திலேயே அஞ்சற்பெட்டிகளில் கிடக்கின்றன என்பதை நினைக்கும்போது, ‘காணப்படவில்லை’ என்ற அந்த வாசகம் எவ்வளவு பாரதூரமானது என்பது விளங்கும்.

இதற்கு ஒரு வழி உண்டு. பாமினியின் விசை அமைப்பு பழைய தமிழ்த் தட்டச்சுப்பொறியின் அமைப்பையே தழுவியது. ஆகவே, கணினியை ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டுத் தேடல் பெட்டியில் பழைய பழக்கத்தின்படி தமிழ்ச் சொல்லைத் தட்டச்சு செய்தால் பொருத்தமான ஆங்கிலக் கோர்வை தானாகவே விழும். தட்டெழுத்துப் பரீட்சையில் சித்தியடைந்த பழைய லிகிதர்கள் இதை விரல்களாலேயே அறிவார்கள். அரைப்புள்ளி வருகின்ற இடங்களில் அடைவு சொல்லைத் துண்டாக்கிவிடக்கூடும் என்பதால், இந்தத் தேடலுக்கு தண்டர்பேர்ட்டின் விரைவு வடிகட்டியைப் போன்று எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் வசதியைப் பயன்படுத்துவதே நல்லது. ஒளிப்படமாக எடுத்து இணைக்கப்பட்ட கடிதத்துக்கோ எந்தச் சொல்லும் உதவாது. அதைத் திகதியைக் கொண்டுதான் பிடிக்கமுடியும்.

ஓய்வுபெற்ற ஆசிரிய நண்பர் ஒருவரின் சம்பள நிலுவை விவகாரத்தில் நடந்ததும் அதுவே. அவருடைய மின்னஞ்சல் இல்லை என்று ஒரு அலுவலகம் இரு தடவைகள் எழுத்தில் அறிவித்தது. மேன்முறையீட்டில் அவர், எந்தச் சொல்லையும் தேடவேண்டாம், நான் அனுப்பிய வாரத்து அஞ்சல்களைத் திகதி வரிசையில் வைத்துக் கண்ணால் பாருங்கள் என்று கேட்டார். கடிதம் அங்கேயே இருந்தது. தலைப்பு வெறுமையாக, உடலில் ஒரு சொல்லும் இல்லாமல், பாமினியில் எழுதி அச்சிட்டுக் கையொப்பமிட்ட பக்கத்தின் படம் ஒன்று இணைக்கப்பட்டிருந்தது.

தகவல் அலுவலர் ஒருவர் ‘காணப்படவில்லை’ என்று எழுதுவதாக இருந்தால், எந்த அஞ்சற்பெட்டியில், எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதி வரை, எந்தெந்தச் சொற்களைக் கொண்டு, சேவையகத்திலும் சேர்த்தா அல்லது கணினியில் மாத்திரமா தேடினார் என்பதையும் அதே கடிதத்தில் எழுதவேண்டும் என்று தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு வலியுறுத்துவது அவசியம். நான்கு வரிகளுக்கு மேல் செல்லாத விபரம் அது. அவ்வாறான நடைமுறை வரும்வரை, விண்ணப்பதாரிகள் தமது முதல் விண்ணப்பத்திலேயே அஞ்சல் அனுப்பிய திகதி, அனுப்பிய முகவரி, இணைப்பு இருந்ததா, எந்த எழுத்துருவில் எழுதப்பட்டது என்பவற்றைக் குறிப்பிட்டுவிடுவது நல்லது. குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு செய்யும்போது அதே விபரங்களை மீண்டும் எழுதி, சொல் தேடலை விடுத்துத் திகதி வரிசையில் பார்க்குமாறு கேட்கலாம்.