பத்து ஸ்லைடு, பூஜ்ஜியம் வாக்கியம்

2023 மார்ச் 16 அன்று மைக்ரோசாஃப்ட் தன் ஆஃபீஸ் மென்பொருளின் அடுத்த அவதாரத்தை முன்னோட்டம் காட்டியது. பெயர் கோபைலட். வேர்டில் இருக்கும் ஆவணத்தைக் கொடுத்து 'இதை பவர்பாயிண்ட் ஆக்கு' என்று சொன்னால் போதும். படம், தலைப்பு, புல்லட் பாயிண்ட் சகிதம் ஸ்லைடுகள் வந்து விழும். அதோடு நிற்கவில்லை. மேடையில் நிற்பவர் என்ன பேச வேண்டும் என்ற குறிப்பையும் அதுவே எழுதித் தரும். அதாவது, பேசப்போகிற ஆளுக்கே தான் என்ன பேசப்போகிறோம் என்று தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

முன்னோட்டம் என்கிற சடங்கில் கேட்கப்படும் கேள்விகள் எல்லாருக்கும் தெரியும். எவ்வளவு வேகம்? டிசைன் எப்படி? விலை என்ன? (நிறுவனங்களுக்கு ஆளுக்கு மாதம் 30 டாலர் என்று பிறகு வைத்தார்கள்.) 'சரிப்பா, அந்த ஸ்லைடுல சொல்றதுக்கு ஏதாவது விஷயம் இருக்கா?' என்ற கேள்விக்கு மட்டும் அங்கே நாற்காலி போடுவதில்லை.

இதில் புதுசு என்று எதுவும் இல்லை என்பதுதான் வேடிக்கை. 1990களின் நடுவிலேயே பவர்பாயிண்ட்டில் 'ஆட்டோகண்டெண்ட் விசார்ட்' என்று ஒன்று இருந்தது. வியூகத்தைப் பரிந்துரைக்க, பொருளை விற்க, ஏன், கெட்ட செய்தியைச் சொல்லக்கூட ஆயத்த வார்ப்பு வைத்திருந்தார்கள். வெற்றுப் பக்கத்தைப் பார்த்து மிரள்கிறவர்களுக்காகச் செய்தது. 'தானியங்கி உள்ளடக்கம்' என்ற அந்தப் பெயரே உள்ளே வேலை செய்தவர்கள் கிண்டலாகச் சொன்னதுதான் என்று 2001-ல் நியூ யார்க்கர் இதழில் இயன் பார்க்கர் எழுதினார். 2007 பதிப்பில் அதைத் தூக்கிவிட்டார்கள். அன்றைக்குக் கிண்டல், இன்றைக்கு மாதச் சந்தா.

'ஸ்லைடுதானே, இதுக்குப் போய் இவ்வளவு கோபமா?' என்று கேட்பீர்கள். கொலம்பியா விண்கலத்தை நினைத்துப் பாருங்கள். 2003 ஜனவரி 16-ல் கிளம்பியபோது எரிபொருள் தொட்டியிலிருந்து பிய்ந்த நுரைத் துண்டு இடது இறக்கையில் மோதியது. கலம் மேலே சுற்றிக்கொண்டிருந்த நாட்களில், ஆபத்து எவ்வளவு என்று பொறியாளர்கள் ஆராய்ந்து நாசாவுக்கு ஸ்லைடுகளாகக் கொடுத்தார்கள். அதில் ஒரு ஸ்லைடின் தலைப்பு நிம்மதி தரும் தொனியில் இருந்தது. அடியில், புல்லட்டுக்குள் புல்லட்டாக, சின்ன எழுத்தில் இரண்டு எண்கள்: 1920 கன அங்குலம், 3 கன அங்குலம். முதலாவது, மோதிய துண்டின் அன்றைய மதிப்பீடு. இரண்டாவது, முன்பு சோதித்துப் பார்த்த துண்டின் அளவு. 640 மடங்கு வித்தியாசம்! பிப்ரவரி 1 அன்று கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேரும் இறந்தார்கள். அவர்களை ஸ்லைடு கொன்றது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதைப் படிக்கும் மேலதிகாரிக்கு இது உயிர் போகிற விஷயம் என்று உறைக்காமல் போயிருக்கலாம் என்று விசாரணைக் குழுவின் அறிக்கையே சொல்கிறது. அந்த ஸ்லைடை வரி வரியாகப் பிரித்துக் காட்டியவர் எட்வர்ட் டஃப்டி.

இதையே வாக்கியமாக எழுதியிருந்தால்? 'நாம் சோதித்தது 3 கன அங்குலத் துண்டை; மோதியது 1920 கன அங்குலத் துண்டு; ஆகவே அந்தச் சோதனையை நம்பி எதுவும் சொல்ல முடியாது.' இந்த 'ஆகவே'யை எழுதுகிற கை நடுங்கும். புல்லட்டில் ஆகவே கிடையாது. அதனால் நடுக்கமும் கிடையாது.

தமிழ் படிக்கிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையே இல்லை. மோதியதால், மோதினால், மோதினாலும். நமக்குச் சிந்தனையே அந்த விகுதியில்தான் இருக்கிறது. ஸ்லைடுக்கு வேண்டியதோ 'நுரை மோதல்' என்ற பெயர்ச்சொல் மட்டும். இன்னொன்று, நம் வினைமுற்று ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். 'நூறு பேரை வேலையை விட்டு எடுத்தோம்' என்று எழுதினால் அந்த 'ஓம்' யார் என்று கேள்வி வரும். ஸ்லைடில் 'பணியாளர் சீரமைப்பு' என்று போட்டால் முடிந்தது. செய்தவர் காணாமல் போய்விடுவார்.

'கருவி என்ன செய்யும், பயன்படுத்துகிறவன்தான் காரணம்' என்பார்கள். 1987-ல் வெளியான பவர்பாயிண்ட்டை ஃபோர்தாட் என்ற சிறு நிறுவனத்தில் உருவாக்கிய ராபர்ட் கேஸ்கின்ஸ் கிட்டத்தட்ட அதைத்தான் சொன்னார்: ஆவணம் தனியாக இருக்கும், ஸ்லைடு அதன் சுருக்கம், ஜனங்கள் ஆவணம் எழுதுவதையே விட்டுவிட்டார்கள் என்று வருத்தப்பட்டார். நியாயம்தான். ஆனால் ஆவணத்தையும் கோபைலட்டே எழுதி, அதை அதுவே ஸ்லைடாக்கி, பெறுகிறவர் பக்கம் இன்னொரு கோபைலட் அதை நாலு வரியாகச் சுருக்கித் தருகிறபோது, நடுவில் யோசித்த ஆள் யார்? ரெண்டு மெஷினுக்கு நடுவே நாம் தபால்காரர்கள்.

ஒரே ஒரு எதிர்வாதம் என்னை உண்மையாகவே யோசிக்க வைக்கிறது. ஆங்கிலம் தடுமாறுகிற, வீட்டில் முதல் பட்டதாரியான பிள்ளைக்கு இது கைகொடுக்காதா? கொடுக்கும், மொழியைத் திருத்துகிற வரைக்கும். அதற்கு மேல் அது அவன் யோசிக்காததையும் சேர்த்து நிரப்பித் தரும். நாலாவது ஸ்லைடில் யாராவது 'இது ஏன்?' என்று கேட்டால், அங்கே நிற்கப்போவது மென்பொருள் இல்லை, அவன்தான். கான்வென்ட் ஆங்கிலக்காரன் சமாளித்துவிடுவான். இவனை 'சொந்தமா எதுவும் தெரியாது' என்று ஒதுக்கிவிடுவார்கள். இவனைக் காப்பாற்றக்கூடியது தானே யோசித்து எழுதிய பழக்கம்தான். அதைத்தான் அந்த பட்டன் வாங்கிக்கொள்கிறது.

2004-ல் அமேசானில் ஜெஃப் பெஸோஸ் மேல்மட்டக் கூட்டங்களிலிருந்து பவர்பாயிண்ட்டை விரட்டினார். முழு வாக்கியங்களில் எழுதிக்கொண்டு வா, எல்லாரும் முதலில் உட்கார்ந்து மௌனமாகப் படிப்போம் என்றார். அவர் ஒன்றும் வாசகர் வட்டத் தலைவர் இல்லை, லாபக் கணக்கு பார்க்கிறவர். அவருக்கே வாக்கியம் தேவைப்பட்டது.

அடுத்த பதிப்பின் முன்னோட்டமும் வரும். இன்னும் வேகமாக, இன்னும் பளபளப்பாக. பாருங்கள், தப்பில்லை. ஆனால் பட்டனை அழுத்துவதற்கு முன் சொல்லவந்ததை மூன்றே வாக்கியத்தில், வினைமுற்றோடு, யார் செய்தார் என்பதோடு ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எழுத முடிந்தால், ஸ்லைடு வேண்டுமா என்று அப்புறம் யோசிக்கலாம். முடியவில்லையா? அப்போ கூட்டத்தையே ஒத்திவைத்துவிடுங்கள். அத்தனை பேருக்கும் ஒரு மணி நேரமாவது மிச்சம்.