பனங்கொட்டை சூப்பி

2003இல் கொழும்புக்குப் படிக்கப் போனபோது, தங்கியிருந்த வீட்டில் ஒருவன் எனக்கு வைத்த பெயர் அதுதான். "டேய் பனங்கொட்டை சூப்பி, சாப்பிட வா." அவனும் தமிழன்தான். யாழ்ப்பாணத்தாரை வெளியூர்த் தமிழர் இப்படிப் பழிப்பது பழைய வழக்கம். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆளைத் தின்பண்டத்தால் அழைப்பது எங்கும் உண்டு. மெக்சிக்கோவில் வசதியான வீட்டுப் பிள்ளைகளை, அவர்களின் பேச்சையும் பாவனையையும் பார்த்து, 'ஃபிரேசா' என்பார்கள். ஸ்பானிய மொழியில் ஸ்ட்ரோபெரிப் பழம். நாங்களும் குசினியிலிருந்துதான் பேச்சை எடுக்கிறோம். (குசினி என்ற சொல்லே போர்த்துக்கேயர் விட்டுப்போனது.) ஏமாற்ற வருபவனிடம் "உன்ர பருப்பு இஞ்ச அவியாது" என்கிறோம். தீராத வழக்கு இடியப்பச் சிக்கல். கிழக்கில் தமிழரும் முஸ்லிம்களும் பிட்டும் தேங்காய்ப்பூவும் போல என்பார்கள். அயல்வாழ்வுக்கு அதைவிட நல்ல உவமை எனக்குத் தெரியாது.

ஆனால் ஃபிரேசா காசுள்ளவனின் பழம். பனங்கொட்டை, விழுந்த இடத்தில் பொறுக்குவது. 'சூப்பி'யில் இருக்கிற குத்து அதுதான்: கொட்டையைக்கூட விடாதவன்.

விடவில்லைத்தான். சுட்ட பனம்பழத்தின் தும்பைக் களி தீரும்வரை உறிஞ்சி வளர்ந்தோம். பிழிந்த களி பாயில் காய்ந்து பனாட்டாகும். கொட்டை பாத்திக்குப் போய்க் கிழங்காகும். கிழங்கைப் பச்சையாகக் கிழித்துக் காயவிட்டால் ஒடியல், அவித்துக் காயவிட்டால் புழுக்கொடியல். மிஞ்சும் ஊமல் அடுப்புக்கு.

1990இல் யாழ்ப்பாணத்துக்கு அரசின் பொருளாதாரத் தடை வந்த பிறகு சவர்க்காரம் கிடைப்பது அரிதாயிற்று. அம்மா பனம்பழத்தால்தான் என் பள்ளிக்கூடச் சட்டையைத் தோய்ப்பா. இனிப்பு மணத்துக்கு மாடு வந்து கொடியிலேயே சட்டையைச் சப்பிவிடும் என்று என்னைக் காவலுக்கு நிறுத்துவா. தடியோடு வெயிலில் நின்ற அந்த மத்தியானங்களை நான் மறக்கவில்லை.

இதையெல்லாம் ஒருநாள் இரவு, எனக்கு அந்தப் பெயர் வைத்தவனுக்குச் சொன்னேன். பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தான். ஊரிலிருந்து வந்த பார்சலில் புழுக்கொடியல் இருந்தது. தேங்காய்ச் சொட்டோடு ஒரு துண்டு கொடுத்தேன். கடித்துப் பார்த்துவிட்டு, "கல்லு மாதிரிக் கிடக்கு மச்சான்" என்றான்.

"உடன கடியாத. வாயில வைச்சுக் கொஞ்ச நேரம் சூப்பு."