மார்க் போடும் மரக்கால் யாருடையது?

எண்ணூர் சாலையில் நின்று பாருங்கள், தோழர்களே! காமராஜர் துறைமுகத்தை நோக்கிப் புத்தம் புதுக் கார்களைச் சுமந்துகொண்டு டிரெய்லர்கள் போகின்றன. இதே எண்ணூரில்தான் 1948இல் அசோக் மோட்டார்ஸ் தொடங்கியது. 1955இல் அது அசோக் லேலண்ட் ஆயிற்று. லாரியின் நெற்றியில் ஒரு கம்பெனியின் பெயர்தான் இருக்கும். ஆனால் அதன் வயிற்றுக்குள் நூறு பட்டறைகளின் வேர்வை இருக்கிறது. போல்ட்டு ஓரிடம், பிரேக் லைனிங் ஓரிடம், ரேடியேட்டர் மூடி ஓரிடம். பாடி, அம்பத்தூர், ஸ்ரீபெரும்புதூர், ஓசூர் என்று பல ஊர்களில் செய்த சாமான்கள் ஒன்றுசேர்ந்தால்தான் வண்டி ஓடும். பெரிய கம்பெனிக்குச் சாமான் கொடுப்பவர் ஒரு சப்ளையர். அவருக்குச் சாமான் கொடுப்பவர் இன்னொரு சிறு சப்ளையர். சங்கிலியின் கடைசிக் கண்ணியில், பிரஸ் இயந்திரத்தின் முன்னால் நிற்பவன் நம் தோழன்.

இந்தச் சங்கிலி முழுவதையும் ஒரு காகிதம் ஆட்டிவைக்கிறது. அதுதான் சப்ளையர் மார்க் சீட்டு!

நான்கு கலங்கள்

மோட்டார் தொழிலில் உலகம் முழுவதும் செல்லுபடியாகும் தர விதி ஒன்று உண்டு. 2016இல் வந்த ஐ.ஏ.டி.எப். 16949 என்பது அதன் பெயர். சாமான் வாங்கும் கம்பெனி தணிக்கைக்கு வரும்போது சப்ளையரைக் கேட்கிறது: “உனக்குச் சாமான் கொடுப்பவர்களுக்கு நீ எப்படி மார்க் போடுகிறாய்? காட்டு!” காட்டியே தீரவேண்டும்.

குறைந்தபட்சம் நான்கு விஷயங்களைக் கணக்கு வைக்கச் சொல்கிறது அந்த விதி. சாமானில் பழுது எத்தனை? அதனால் வாங்கியவரின் வேலை எத்தனை தடவை தடைப்பட்டது? சொன்ன தேதிக்குச் சரக்கு வந்ததா? தாமதத்தை ஈடுகட்ட விமானத்திலோ தனி லாரியிலோ கூடுதல் செலவில் எத்தனை தடவை அனுப்பினார்கள்? பழுதை 10 லட்சத்துக்கு எத்தனை என்று எண்ணுகிறார்கள். ஒரு லட்சம் போல்ட்டில் ஐந்து பழுது என்றால் கணக்கில் அது 50. மார்க் குறைந்தால் புது ஆர்டர் போகும். டெபிட் நோட் வரும்.

சாமான் தரமாக இருக்கவேண்டாம் என்றா நாம் சொல்கிறோம்? இல்லவே இல்லை! பிரேக் பழுதானால் சாவது பஸ்ஸில் போகும் நம் ஜனங்கள்தான். தரமாகச் செய்வது தொழிலாளியின் பெருமை. நாம் கேட்பது வேறு. பழுதான போல்ட்டை எண்ணத் தெரிந்தவர்களுக்கு அறுந்த விரலை எண்ணத் தெரியாதா?

எண்ணப்படாத விரல்கள்

பவர் பிரஸ்ஸில் இரண்டு கையாலும் அழுத்தும் பொத்தான் எதற்கு? ஒரு கையும் அச்சுக்குள் இருக்கக்கூடாது என்பதற்கு. அதில் ஒன்றைக் கட்டிவைத்துவிட்டால் மணிக்குச் சில தட்டு கூடுதலாகக் கிடைக்கும். சொன்ன தேதிக்குச் சரக்கு போகும். மார்க் சீட்டில் அந்தக் கலம் நிரம்பும். கை போனால்? அதற்கு அந்த நான்கில் கலமே இல்லை!

இது கற்பனை அல்ல. ஹரியானாவின் குர்காவ்ன், மானேசர் பகுதியில் மோட்டார் பாகப் பட்டறைகளில் அடிபட்டவர்களிடையே வேலை செய்யும் ‘சேப் இன் இந்தியா’ என்ற ஸ்தாபனம் 2019 முதல் அறிக்கைகள் வெளியிட்டு வருகிறது. விரல்களை விழுங்குவதில் பவர் பிரஸ்ஸே முதலிடம் என்று அவை காட்டுகின்றன.

“நன்னடத்தை விதி அச்சடித்து எல்லாச் சப்ளையர்களுக்கும் அனுப்பியிருக்கிறோமே!” என்பார்கள் கனவான்கள். அச்சடித்த விதியின் லட்சணத்தை அமெரிக்காவில் பாருங்கள். அலபாமா மாநிலத்தில் ஹூண்டாய் ஆலைக்குப் பாகம் கொடுத்த ‘ஸ்மார்ட்’ தொழிற்சாலையில் சிறுவர்கள் வேலை செய்ததை 2022இல் ராய்ட்டர் செய்தி ஸ்தாபனம் வெளிக்கொணர்ந்தது. 2024 மே மாதத்தில் அமெரிக்கத் தொழிலாளர் இலாகா ஹூண்டாய் மீதும் சேர்த்தே வழக்குத் தொடுத்தது. 13 வயதுக் குழந்தை வாரம் 50 முதல் 60 மணி நேரம் வேலை செய்தது என்பது குற்றச்சாட்டு. பத்து லட்சத்தில் ஒரு கீறலைக் கண்டுபிடிக்கும் கண்ணுக்கு ஒரு குழந்தை தெரியாமல் போகுமா?

அபராதத்துக்கு அன்று வரம்பு, இன்று?

மில் தோழர்களுக்கு இது பழைய கதை. துணியில் பழுது என்று கூலியில் அபராதம் பிடித்த காலம் உண்டு. அதற்கு 1936ஆம் ஆண்டுச் சம்பளப் பட்டுவாடாச் சட்டம் வரம்பு கட்டிற்று: ரூபாய்க்கு அரையணாவுக்கு மேல் கூடாது, தொழிலாளியின் சமாதானத்தைக் கேட்காமல் போடக்கூடாது, பதிவேட்டில் எழுதவேண்டும், வசூலான பணம் தொழிலாளரின் நன்மைக்கே செலவாக வேண்டும். வெள்ளைக்கார சர்க்கார் காலத்துச் சட்டம் அது! இன்று பெரிய கம்பெனி போடும் டெபிட் நோட் சிறு பட்டறைக்காரரின் தலையில் விழுகிறது. அவர் அதை எங்கே இறக்கிவைப்பார்? ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம் தராமல், காண்ட்ராக்ட் ஆளை நிரந்தரமாக்காமல், நம் தோளில்தான்!

வயல் தோழர்களுக்கும் தெரியும். நெல்லை வாங்க ஒரு மரக்கால், கூலி அளக்க ஒரு மரக்கால், இரண்டும் பண்ணையாருடையவை. சப்ளையருக்கு மார்க் உண்டு. வாங்கும் கம்பெனிக்கு யார் மார்க் போடுவது? சிறு தொழிலுக்கு 45 நாளுக்குள் பணம் தரவேண்டும், தவறினால் வட்டி தரவேண்டும் என்பது 2006ஆம் ஆண்டுச் சட்டம். பணம் எத்தனை நாளில் வந்தது என்று எந்த மார்க் சீட்டில் எழுதுகிறார்கள்?

நம் கோரிக்கை

கலம் சேர்க்க முடியாது என்று யாரும் சொல்லவேண்டாம். சப்ளையரிடம் நடக்கும் உரிமை மீறலுக்கும் பெரிய கம்பெனி பொறுப்பேற்றுக் கண்காணிக்கவேண்டும் என்று ஜெர்மனியில் 2023 ஜனவரி 1 முதல் சட்டம் வந்தது. எனவே நாம் கேட்கிறோம்: வாங்கும் கம்பெனி தணிக்கைக்கு வரும்போது விபத்து, இயந்திரக் காப்பு, இரட்டைச் சம்பளம், ஈ.எஸ்.ஐ., காண்ட்ராக்ட் ஆட்களின் எண்ணிக்கை ஆகியவற்றுக்கும் மார்க் போடு! அந்தச் சீட்டைத் தொழிற்சங்கத்துக்குக் காட்டு! சங்கத்தின் கையெழுத்து இல்லாத மார்க் செல்லாது! வாங்கும் கம்பெனிக்கும் மார்க் போடு!

கடைசிக் கண்ணிக்குப் பலமில்லை என்று நினைக்காதீர்கள். 2009இல் குர்காவ்ன் ரிக்கோ ஆலைத் தொழிலாளர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். பாகம் போகவில்லை. கடல் தாண்டி அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையிலும் கனடாவில் போர்டு ஆலையிலும் வேலை நின்றது! எந்த மார்க் சீட்டிலும் பெயர் இல்லாத கைகள்தான் உலகத்து வண்டிகளை ஓட்டுகின்றன.

லேலண்ட் தொழிலாளியும் அம்பத்தூர் பட்டறைத் தொழிலாளியும் காண்ட்ராக்ட் தோழனும் ஒரே வண்டியைச் செய்கிறார்கள். ஒரே சங்கமாக நின்று கேட்கட்டும். மரக்காலை நம் கையில் வாங்குவோம்!