இடக்கரடக்கலும் இளஞ்சிறாரும்

அவையிற் சொல்லத் தகாததை மறைத்து வேறு சொல்லாற் கூறுதலை இடக்கரடக்கல் என்பது நம் இலக்கண மரபு. நன்னூலார் இதனைத் தகுதி வழக்கின் மூன்று வகைகளுள் ஒன்றாக வைத்தார். 'கால் கழுவி வந்தான்' என்னும் எடுத்துக்காட்டை ஆண்டுதோறும் மாணவர்க்குச் சொல்லிவரும் நான், இவ்வடக்கம் சொல்லுக்கு உரியதேயன்றி உடலுக்கு உரியதன்று என்பதை மிகத் தாமதமாகவே உணர்ந்தேன்.

உணர்த்தியவள் ஓப்பநாயக்கத் தோட்டப்புறத்துச் சிறுமி ஒருத்தி. காலையில் லயத்தை விட்டுப் புறப்படுமுன் தேநீர் அருந்தாள். பாடசாலையில் ஒரு மிடறு தண்ணீரும் பருகாள். காரணம் கேட்டபோது தலை குனிந்தாள். மலசலகூடக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்று தோழிதான் சொன்னாள். அங்கேயே பணிபுரிந்த எனக்கு அது தெரியாதிருந்தது.

பிள்ளை நீரடக்கக் கற்பது ஒரு நாளில் நிகழ்வதன்று. சிறுநீர்ப்பை நிறைந்த செய்தி மூளைக்கு எட்டுதலும், மூளை 'சற்றே பொறு' என ஆணையிடுதலும், இடம் வாய்த்தபின் தசை நெகிழ்தலும் இணங்கிவரச் சில ஆண்டுகள் வேண்டும். பகலில் இவ்வொழுங்கு முந்தி அமையும்; இரவிற் பிந்தி அமையும். ஐந்து வயதில் நூற்றுக்கு ஏறக்குறைய 15 பிள்ளைகளும், ஏழு வயதில் 5 முதல் 10 பிள்ளைகளும் உறக்கத்திற் பாய் நனைப்பர் என்பது மருத்துவர் கணக்கு. நீர் முட்டியும் விழிப்பு வாராமை, இரவில் நீர்ச்சுரப்பைக் குறைக்கும் ஓமோன் போதாமை, பரம்பரை ஆகியன இதற்குக் காரணங்கள். சோம்பலும் பிடிவாதமும் அல்ல. ஆயினும் ஒரே காம்பராவிற் குடும்பம் முழுவதும் படுக்கும் லயத்தில், நனைந்த பாய் வாசலிற் காயும்போது பிள்ளையின் குறை ஊரறிந்த செய்தியாகிறது. அடியும் ஏச்சும் பாயை உலர்த்தா. பிள்ளையின் முகத்தையே வாட்டும்.

பெரும்பாலோர்க்கு இது வயதோடு தீரும், எல்லோர்க்கும் தீர்வதன்று. இங்கிலாந்தின் பிறிஸ்டல் வட்டாரத்தில் 1991, 1992ஆம் ஆண்டுகளை ஒட்டிப் பிறந்த பல்லாயிரம் பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்துவரும் ஆய்வு ஒன்று உண்டு. சிறுவயதில் நெடுநாள் நனைத்தவர்களிடம் பதின்ம வயதிலும் சிறுநீர்த் தொல்லைகள் மிகுந்திருப்பதை அது காட்டியது. ஆதலின் 'வளர்ந்தாற் சரியாகும்' என்று வாளாவிருத்தல் தகாது.

மற்றொரு தீங்கு ஆசிரியராகிய நாமே செய்வது. ஏழு வயதுப் பிள்ளையின் சிறுநீர்ப்பை கொள்வது ஏறத்தாழ 240 மில்லிலீற்றர். ஒரு குவளை அளவே. பாடவேளை முடியட்டும் என்று நாளும் அடக்கும் பிள்ளைக்கு நீர்வழியிற் கிருமி எளிதிற் பற்றக்கூடும். நீர் பருகாமையால் மலம் இறுகி, அதுவும் சிறுநீர்ப்பையை நெருக்கும். பூப்பெய்திய பெண்பிள்ளைகட்கு இத்துன்பம் இரட்டிப்பு. அடக்கத் தகாத வேகங்கள் பதினான்கு எனக் கூறும் சித்த மருத்துவமும் சிறுநீரை அவற்றுள் ஒன்றாக வைத்தது. நான் அடக்கமுடைமை அதிகாரத்தை உருக்கமாக நடத்திக்கொண்டிருந்த வேளையிலேயே, பின்வாங்கில் ஒரு கை உயர்ந்து, என் பார்வைக்கு அஞ்சித் தாழ்ந்ததுண்டு.

ஆசிரிய அன்பர்களை வேண்டுவன பெரியனவல்ல. உயர்ந்த கைக்குக் காரணம் வினவாது விடைகொடுங்கள். கதவுக்குத் தாழும் உள்ளே தண்ணீரும் உண்டா என நேரிற் சென்று பாருங்கள். பெற்றோரிடமும் எடுத்துச் சொல்லுங்கள்: உறங்குமுன் பிள்ளையை ஒருமுறை அனுப்புக, மழையும் அட்டையும் இருட்டும் சூழ்ந்த வழியில் உடன் துணை செல்க. ஐந்து வயது கடந்தும் பகலில் நனைத்தாலோ, ஆறு மாதம் உலர்ந்திருந்து மீண்டும் தொடங்கினாலோ, எரிவோ மிகுந்த தாகமோ கண்டாலோ மருத்துவரிடம் காட்டுக. நனைந்தவுடன் ஒலித்து எழுப்பும் கருவியும் தக்க மருந்தும் இன்று உள்ளன.

அப்பாடசாலைக் கதவுக்குப் பின்னர் ஒரு தாழ்ப்பாள் வந்தது. அதன் விலை ஒரு நன்னூற் பிரதியின் விலையினும் குறைவு. சிறுமி இப்போது தண்ணீர்ப் போத்தலோடு வருகிறாள்.